அழகான ஸ்லைடு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் கடிதம். நீ கிண்டல் செய்யும் என் முகநூல் பக்கம் நன்றாகப் போகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு திசு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்துப் போட்டு, “இது என்ன நோய்?” என்று கேட்கிறேன். எங்கெங்கோ இருக்கும் நோய்க்குறியியல் மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு பதில் எழுதுகிறார்கள். ‘ஓரப்பார்வை’ என்று ஓர் ஆசாமி. எப்போதும் சரியாகச் சொல்கிறார். “நடுவை எல்லாரும் பார்ப்பாங்க, ஓரத்தைப் பாருங்க” என்று புத்திமதி வேறு. உன் லேபில் இதை யார் சொல்வார்கள் அக்கா?

உன் தங்கை

மார்ச் 12

அடியே,

நான்தான். ‘ஓரப்பார்வை’ என்ற பெயரில் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தேன், இப்போது வெள்ளிக்கிழமை வந்தால் கை பரபரக்கிறது. தப்பாகச் சொல்லும் பிள்ளைகளைத் திட்டாதே. ஏன் அப்படித் தோன்றியது என்று கேள். அதுதான் எனக்குச் சுவாரசியமே.

அக்கா

மார்ச் 20

அக்கா,

ஓர் உதவி. ஒரு பெண்ணின் தைராய்டில் பாதியைக் கட்டியோடு எடுத்திருக்கிறார்கள். சாதாரணக் கட்டி என்கிறார் இங்கே ஒருவர், புற்று என்கிறார் இன்னொருவர். புற்றென்றால் மீதியையும் எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு இந்த வெள்ளிக்கிழமை படங்களைப் போடுகிறேன். தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்.

உன் தங்கை

மார்ச் 29

அடியே,

படத்தின் கீழே ‘அழகான ஸ்லைடு’ என்று ஆரம்பித்து எல்லாம் எழுதிவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. என்ன அழகான ஸ்லைடு! கட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு காளான் மாதிரி வெளியே தலை நீட்டுகிறது. ரத்தக் குழாய்களுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. புற்றுதான். மீதியையும் எடுக்கச் சொல். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இதைவிட நல்லது கிடைக்காது, பத்திரமாக வைத்துக்கொள். அந்தப் பெண்ணிடம் பதமாகச் சொல்லுங்கள், பாவம்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் பெண் நான்தான்.

கோபித்துக்கொள்ளாதே. என்னுடையது என்று தெரிந்திருந்தால் நீ ஸ்லைடைப் பார்த்திருக்க மாட்டாய், என்னைத்தான் பார்த்திருப்பாய். எனக்கோ உன் வாயால் கேட்காமல் நம்பிக்கை வரவில்லை. ‘அழகான’ என்று படித்ததும் சிரித்தேன், அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். இருபதாம் தேதி ஆபரேஷன். பயமாக இருக்கிறது.

உன் தங்கை

ஏப்ரல் 13

என் கண்ணே,

படுபாவி, இப்படியா பண்ணுவாய்!

படங்களைத் திரும்பப் பார்த்தேன். நான் சொன்னது தப்பாகப் போகட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டு பார்த்தேன். தப்பில்லை. கீழே எழுதியதை அழிக்கவில்லை, பிள்ளைகள் படிக்கட்டும். ‘அழகான’ என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். ஒரு மாணவி ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். நீயே சொல்லிவிடு.

லீவு சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நின்றாலும் நிற்பேன். வந்து சண்டை போடுகிறேன், தயாராக இரு.

அக்கா