மூடிய காஜாக்கள்

சட்டைப் பைத்தியத்துக்கு,

பழைய துணிக் கடைகளில் நீங்கள் பொறுக்கிச் சேர்த்த சட்டைகளை இன்று வெயிலில் போட்டேன். பட்டன் நுழைகிற காஜாக்களைத் தைத்து மூடி, மேலே சும்மா பட்டன் வைத்த அந்த நீலச் சட்டையும் இருந்தது. "தையல்காரன் தூக்கக் கலக்கத்துல தைச்சிருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பீர்களே, அதுதான்.

நீங்கள் அதை ஒருநாளும் போட்டதில்லை. நான் போட்டுப் பார்த்தேன், இடது கையால் மட்டும். உள்ளே பிரஸ் பட்டன்கள். அழுத்தினால் பூட்டிக்கொள்கின்றன.

அசையாமல் போன உங்கள் வலது கையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ்தான் போனில் சொன்னாள்: "பட்டன் போட்டுவிடப் போனா தட்டி விடறாரு. பனியனோடவே உக்காந்திருக்காரு."

நீலத்தை இத்துடன் அனுப்புகிறேன். மற்ற சட்டைகளின் காஜாக்களையும் மூடி, உள்ளே பிரஸ் பட்டன் தைக்க ஆரம்பித்துவிட்டேன். என் தையலைப் பார்த்து வேண்டுமானால் சிரியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி