கருப்புக் கரை போட்ட கார்டு

பென்னாகரம்,
12-3-1944

முகம் பார்க்காத என் கார்டுத் தோழிக்கு,

நான் கடைசியாக அனுப்பிய கார்டைப் படித்தாயா? அழகுக்காகத்தான் நாலு ஓரமும் கருப்பு மை தீட்டினேன். நேற்று இன்னொரு தோழிக்கும் அப்படியே தீட்டும்போது அம்மா பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஏண்டி, எழவுச் சேதிக்குத்தான் கருப்புத் தடவுவாங்க. வூட்டுக்குள்ள சேக்காம, படிக்காமயே கிழிச்சுருவாங்க. முன்னாடி இப்படியே ஒரு கார்டு அனுப்புனேங்கறியே, அந்தப் புள்ளையோட அண்ணன் பர்மாச் சண்டையில இருக்கறான்னியே."

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கார்டு வந்ததே இல்லை.

அதில் எங்கள் பள்ளிக்கூடத்து மைனாவைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். உன் அம்மாவிடம் உடனே சொல். இந்தக் கவருக்கு அம்மாவே மஞ்சள் தடவித் தந்தார்கள்.

எப்போதும் ஒரு வாரத்துக்குள் உன் பதில் வந்துவிடும். இன்றோடு பதினைந்து நாள். கோபம் என்றால் திட்டியாவது எழுது. கோபமாகத்தான் இருக்க வேண்டும், வேறெதுவாகவும் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
தபால்காரர் வரும் வழியில் நிற்கும்
உன் தோழி