சுவரில் ஒட்டிய கண்ணாடி

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

மாடிச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே போன மாதம் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனேன். சுவர் இன்னும் நகர்ந்தால் அது உடையும், உடைந்தால் யாரையும் குடிவைக்காதே என்றேன். இன்று வந்து பார்த்தால் கண்ணாடியைக் காணோம். விரிசல்மேல் புதுப் பெயின்ட். உள்ளே ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு.

உன் மனைவி கூசாமல் சொல்கிறாள்: "வேற ரெண்டு இன்ஜினியரும் உங்கள மாதிரிதான் பயமுறுத்துனாங்க அண்ணி. மூணாவது ஆளு போட்டோவப் பாத்தே ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா யாரத்தான் நம்புறது?"

பிடித்த பதில் கிடைக்கும்வரை ஆளை மாற்றிக்கொண்டே போனாயே, அதற்குப் பெயர் விசாரிப்பதா? காய்கறிக் கடையில்கூட இப்படிப் பொறுக்க விடமாட்டார்கள்.

கண்ணாடி மாடிப்படிக்கு அடியில், காலி பெயின்ட் டப்பாவுக்குள் கிடந்தது. விரிசல் ஓடிய இடத்திலேயே சரியாக இரண்டாக உடைந்திருந்தது.

குடியிருப்பவர்களிடம் காட்டிவிட்டேன். சாமான்களைக் கட்டுகிறார்கள்.

நீ என்னை நம்பவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நம்பியிருக்கிறாய். நம்பாதவன் அதை ஏனடா ஒளித்துவைக்கப் போகிறான்?

அக்கா