திராட்சைச் சூலுக்குள் யாரும் இல்லை

இன்று காலை பண்ருட்டியில் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லில் கிராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சை வைத்தார். அந்த வாசனையில், வலி இருந்த இடத்தில் நீ வந்து உட்கார்ந்துகொண்டாய், சிநேகிதி. "கண்ணு கலங்குதே, ரொம்ப வலிக்குதாங்க?" என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன். வாயில் பஞ்சு இருக்கும்போது அதற்குமேல் விளக்க முடியாது.

மற்ற வீடுகளில் அந்த எண்ணெய் பல்வலிக்கு. உன் அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் சமையலறையில் திராட்சைப் பூவுக்கு. பூவின் சூலகத்தை மெழுகில் பதித்துக் கல்லூரியில் சீவிக்கொண்டு வருவாய். அந்த மெல்லிய சீவல்களுக்கு வீட்டில் சிவப்புச் சாயம் ஏற்றிக் கிராம்பு எண்ணெயில் விட்டால், மங்கலாக இருந்தது கண்ணாடிபோல் தெளியும். "வூட்ல எல்லாருக்குமா பல்வலி?" என்று நாட்டு மருந்துக் கடைக்காரர் கேட்டார். "பரம்பரைங்க" என்றாய். சாயம் பிடித்த விரல்களைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "மருதாணியா? மாப்ள எந்த ஊரு?" என்றாள். திராட்சை என்று சொன்னால் கதை நீளும் என்று பேசாமல் வந்துவிட்டாய்.

வாசல் கேட்டுக்கு மேல் பந்தல் போட்டு அந்தத் திராட்சைக் கொடியை வளர்த்தவர் உன் அப்பா. சுற்றுவட்டாரத்துப் பலா மரங்களைச் சாய்த்த தானே புயல் அதை மட்டும் விட்டுவைத்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து அதன் கீழே நிற்பார். "வருசா வருசம் பூத்துகினுதான் இருக்குது, காய் நிக்க மாட்டேங்குது. கான்ட்ராக்ட் பூவாட்டம் இருக்குது" என்பார். கல்லூரியில் வருடத்துக்குப் பத்து மாதச் சம்பளத்துக்குக் கான்ட்ராக்டில் தாவரவியல் நடத்திய நீ, அதைச் சிரிக்காமல் கேட்டுக்கொள்வாய்.

கல்லூரி கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினாய். விதையாக வேண்டிய சூலின் இரண்டு உறைகளும் ஒழுங்காக வளர்ந்திருந்தன. நடுவே கரு உருவாக வேண்டிய பை இருக்க வேண்டும். அங்கே சுருங்கிய ஒரு கோடு. "குவார்ட்டர்ஸ் ரெடி, சுவரு ரெடி. குடிவர ஆள்தான் இல்ல" என்றாய். எந்தப் பூவிலும் அதுதான். உன் ஆய்வு நெறியாளருக்கு இது போதவில்லை. "காலியா இருக்குன்னு எத்தன அத்தியாயம்மா எழுதுவ?" என்றார். முழுதாக வளர்ந்த ஒரே ஒரு சூல் கிடைத்தால், மற்றவை எந்தக் கட்டத்தில் நின்றுபோயின என்று அதோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். உனக்கு முனைவர் பட்டமும் அதற்குப் பிறகு வரக்கூடிய நிரந்தர வேலையும் அந்த ஒன்றில்தான் இருந்தன.

அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது, குடியிருந்தவர் போட்ட பந்தலை அவரே பிரித்துவிட வேண்டும். கொடியை வெட்ட வந்த ஆளை டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டு, கடைசிப் பூங்கொத்துகளை ஸ்பிரிட்டில் போட்டாய். "ஏன் டீச்சர், ஊறுகாயா?" என்றார். "ஆமாண்ணே, ஊற நாளாகும்" என்றாய்.

அந்தப் பூக்களைச் சீவிச் சாயம் ஏற்றி முடித்த வாரம் நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். கண்ணாடித் தகடுகளும் மைக்ராஸ்கோப்பும் என் வீட்டுக்கு வந்தன. "நீயே பாத்துச் சொல்லுடி" என்றாய். தமிழ் டீச்சர் நான், திராட்சைச் சூலைப் பார்த்தேன். ஒவ்வொரு தகடாக, கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

மறுநாள் கட்டிலருகே உட்காருமுன்பே கேட்டாய்: "ஆள் வந்திருக்கா?"

"இல்லடி."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இருக்குன்னு நீ சொல்லியிருந்தா, எழுந்து வந்து பாக்கணும்னு இருந்திருக்கும். இப்ப அந்த வேல மிச்சம்" என்றாய். போவதற்குமுன் நீ மிச்சப்படுத்திய கடைசி வேலை அதுதான்.

உங்கள் குவார்ட்டர்ஸுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. பூட்டு துருப்பிடித்துவிட்டது. அப்பா சேத்தியாத்தோப்பில் இருக்கிறார். போனில் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை, மழையைப் பற்றிப் பேசுகிறார்.

பஞ்சைத் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும், கடைசித் தகடு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சாயம் மங்கவில்லை. உறைகளின் கோடு ஒன்றுகூடக் கலையவில்லை. ஒன்றுமில்லை என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் காட்டியதில்லை. தகட்டைத் துடைத்து, திரும்ப அதன் அட்டை உறையில் வைத்துவிட்டேன்.