பதினொரு பெட்டிகளும் பேட்டை வைக்கோலும்

1898 செப்டம்பர் 19, திங்கள்

சீமைப் பெட்டியை இன்று உடைத்தோம். சூரிய ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவியாம். மலையுச்சியில் கட்டிவரும் நட்சத்திர பங்களாவுக்குப் போகிறது. அத்தனை பெரிய பெட்டி மலைப்பாதையில் ஏறாது. பிரித்து, நாலு ஆள் தூக்கும் கனத்தில் பதினொரு பெட்டியாகக் கட்ட வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மேலே சேராவிட்டால் தை வரைக்கும் அடிவாரத்தில்தான் கிடக்கும் என்று துரை காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். எனக்கென்ன காது இல்லையா?

இங்கே பட்டாளத் தண்டில் எங்கும் வைக்கோல் இல்லை. பழைய ஊர்ப் பக்கம், பேட்டையில் தானிய மண்டிக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்றான் வண்டிக்காரன். ஏற்றிவரச் சொன்னேன். பேட்டையில் பிளேக் என்று தெரிந்துதான் சொன்னேன். வைக்கோலுக்கு ஜுரம் வருமா?

பெட்டிகளோடு என் தங்கை பிரிஜெட்டின் புருஷன் நோயல் போகிறான். அவள்தான் கெஞ்சினாள். "இந்த ஊர்ல இருந்தா செத்துடுவாரு அண்ணா. மலைக்கு அனுப்பிடுங்க." நல்ல வேலைக்காரன். கண்ணாடிகளை அவனை நம்பிக் கொடுக்கலாம்.

செப்டம்பர் 22, வியாழன்

பெட்டி கட்டும் ஷெட் கதவில் பிளேக் ஆபீஸ்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். எலி செத்துக் கிடந்தால் உடனே சொல்ல வேண்டும். சொன்னால் இடத்தைப் பூட்டி, வைக்கோல் சாக்கு எல்லாம் கொளுத்தி, குடியிருப்பவர்களை ஊருக்கு வெளியே பிளேக் கேம்ப்புக்கு ஏற்றிவிடுவார்கள். நாங்கள் ஷெட்டின் பின்கட்டில்தான் குடியிருக்கிறோம். என் மனைவி ஜோசஃபினுக்கு ஒன்பதாம் மாதம்.

போன வாரம் தச்சர் சந்தானத்தின் மனைவிக்குக் கேம்ப்பின் தகரக் கொட்டகையில் பிரசவமானது. பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை.

செப்டம்பர் 24, சனி

எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஒன்பது பெட்டி கட்டியாயிற்று. பத்தாவதற்கு வைக்கோல் கட்டை அவிழ்த்தேன். உள்ளே எலி. பெரியது — விறைத்துப் போய் — வாயோரம் ரத்தம். நோயல் கண்ணாடிக்குக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. சாக்கைப் போட்டு மூடினேன்.

"என்னா மச்சான், மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. தூசி."

அவனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, எலியையும் அந்தக் கட்டையும் பின்பக்கம் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். மற்றக் கட்டுகள் சுத்தமாகத்தான் இருந்தன — நான் பார்த்த வரை. கட்டின பெட்டிகளைப் பிரித்தால் ஏன் என்று துரை கேட்பார். என்ன சொல்வது?

ஜோசஃபின் ஜன்னலுக்கு வந்து, "ஏங்க, என்னாத்த எரிக்கிறீங்க?" என்றாள். குப்பை என்றேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இது நாலாவது. முன் மூன்றும் தங்கவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இல்லை, தெரிந்தது. வேண்டாமென்று விட்டேன்.

செப்டம்பர் 26, திங்கள்

'இவ்விடத்தில் எலிச் சாவு இல்லை' என்ற சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷனில் பெட்டிகளைத் திறக்காமல் விட்டார்கள். நோயல் மாலை ரயிலில் போய்விட்டான். பிரிஜெட்டின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

அக்டோபர் 1, சனி

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மற்றப் பாவமெல்லாம் சொன்னேன்.

அக்டோபர் 4, செவ்வாய்

நோயலின் கார்டு, முப்பதாம் தேதி எழுதியது. மலையடிவாரம் சேர்ந்துவிட்டான். மாட்டுவண்டி ஆட்டத்தில் மூன்று பெட்டிகளில் வைக்கோல் அமுங்கிவிட்டதாம். பிரித்து மறுபடி அடைத்தானாம். சுமைகாரர்கள் வரக் காத்திருக்கிறான். 'மீந்த வைக்கோலைப் பரப்பி அதன் மேல்தான் தூக்கம் மச்சான். நம் வீட்டு மெத்தை தோற்றது.'

தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். வாசல் வரை. எலி என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே இருப்பவர் பிளேக் ஆபீஸுக்குச் சொல்லாமல் இருப்பாரா? எங்களை ஏற்ற இன்றே கேம்ப் வண்டி வந்துவிடும். மருத்துவச்சி பெர்னதெத் அம்மாள், "இன்னிக்கோ நாளைக்கோ, ஆடாம அசையாம வெச்சிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷனா?

அக்டோபர் 6, வியாழன்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தொண்டை கிழிய அழுகிறாள்.

அக்டோபர் 7, வெள்ளி

விடிந்ததும் போய் நோயல் பேருக்குத் தந்தி கொடுத்தேன். எலி என்றே எழுதினேன். இனி கேம்ப்புக்கு ஏற்றினால் ஏற்றட்டும்.

கவுன்ட்டரில் இருந்தவர் வார்த்தைகளை எண்ணினார். ரசீது கிழித்துக் கொடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். இதற்கா பயந்தேன்?

அக்டோபர் 15, சனி

அடிவாரத்து மேற்பார்வையாளர் கடிதம். நோயலுக்கு மூன்றாம் தேதி ஜுரம் கண்டிருக்கிறது. மலைக்காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார்கள். ஆறாம் தேதி போய்விட்டான். என் மகள் பிறந்த அன்று. ஐந்தாம் தேதி வந்து அதே வைக்கோலில் படுத்த சுமைகாரர்கள் இருவரும் பத்தாம் தேதி இறந்தார்கள். அதன் பிறகுதான் பிளேக் என்று தெரிந்து வைக்கோலைக் கொளுத்தினார்களாம்.

நாலாம் தேதி தந்தி கொடுத்திருந்தாலும் நோயல் பிழைத்திருக்க மாட்டான் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு பேர்? அவர்கள் பெயரைக்கூடக் கடிதத்தில் போடவில்லை.

பிரிஜெட்டிடம் நான்தான் போய்ச் சொன்னேன். என்மேல் சாய்ந்துதான் அழுதாள்.

நவம்பர் 2, புதன், கல்லறைத் திருநாள்

கருவி மலையுச்சி சேர்ந்துவிட்டது. ஒரு கீறல் இல்லையாம். கட்டிய கைக்குப் பாராட்டு என்று வந்த கடிதத்தைத் துரை படித்துக் காட்டி, முதுகில் தட்டினார். தையில் இன்னொரு கருவி வருகிறது, அதையும் நான்தான் கட்ட வேண்டுமாம்.

நோயலின் காகிதங்களுக்குக் கந்தகப் புகை போட்டு பிரிஜெட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்ற அவளுக்கு இங்கே கல்லறையும் இல்லை. நேரே என்னிடம் வந்தாள். கையில் பிரிக்காத தந்தி உறை. செத்தவனுக்கு வந்ததை யாரும் திறக்கவில்லை. என் எதிரிலேயே பிரித்து நீட்டினாள்.

"இது அவருக்கு வந்தது அண்ணா. எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? படிச்சு சொல்லுங்க."

நான் எழுதியதுதான்: வைக்கோலை எரி. இங்கே எலி செத்தது. தியோடர்.

"நான் குடுத்ததும்மா" என்றேன். "கொழந்த பொறந்திருக்கு, சீக்கிரம் வான்னு."

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களுக்கு அவர் மேல எவ்ளோ பாசம் அண்ணா" என்றாள். மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். தந்தியைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.