படையலில் வைத்த கிட்டார்

என் பாட்டுக்கார அண்ணே,

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. உன் சுவீடன் பாடகர் போன வாரம் புதுப் பாட்டு வெளியிட்டிருக்கிறார். குரல் நன்றாகக் கரகரத்துவிட்டது, ஆனால் அந்த ராக் வீம்பு அப்படியே இருக்கிறது. கேட்டதும் உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன்.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து அவர் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய்! ஆங்கிலத்தில் பாடியபோது அவரை யாரும் சீந்தவில்லை. சொந்தப் பேச்சில் எழுதத் தொடங்கியதும் நாடே கூடப் பாடியது. பிறகு குழு உடைந்தது. சின்ன மண்டபங்களில் தனியாக நின்று மறுபடி தொடங்கினார்.

"அவரு அவரு பேச்சுல பாடுறாருலா. நாம மட்டும் ஏன் சினிமாப் பாட்டையே பாடிக்கிட்டு இருக்கணும்?" என்பாய். அம்மா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியதைப் பற்றி நீயே பாட்டு எழுதினாய். கல்யாண விருந்துகளில் அதை எடுத்தாலே, "சினிமாப் பாட்டு பாடுங்கண்ணே!" என்று கத்துவார்கள். நீ முழுசாகப் பாடித்தான் விடுவாய். நான் பின்னால் நின்று கோரஸ் பாடுவேன்.

வரும் சனிக்கிழமை தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம். அங்கே உன் பாட்டை நான் பாடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் உன் கிட்டார்?

உன் கருமாதிப் படையலில், ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் அம்மா அதையும் வைத்தாள். அதோடு அது உன் படத்துக்குக் கீழேயே இருந்துவிட்டது. தொட்டால் போதும், "அவனுக்குப் படைச்சது, கை வைக்காத!" என்று பாய்வாள். வேறொன்று இரவல் வாங்க எனக்கு மனசு வரவில்லை. கம்பியில் துரு ஏறுவதைப் பார்த்து நேற்று கேட்டே விட்டேன்.

"படைச்ச கறிய யாரும்மா சாப்பிட்டா?"

"நாமதான். நாம சாப்பிட்டாத்தானே அவனுக்குப் போய்ச் சேரும்?"

"அப்ப கிட்டார் மட்டும்?"

அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கிட்டாரை எடுத்து முந்தானையால் துடைத்து, என் மடியில் வைத்தாள்.

"நல்லா சத்தமா வாசி" என்றாள்.

புதுக் கம்பி போட்டுவிட்டேன். இரண்டாவது சரணத்தில் நீ எங்கே மூச்சு எடுப்பாய், அண்ணே? கேட்டு வைக்காமல் விட்டேனே. உன் குரல் எனக்கு இல்லை, அது தெரியும். அவர்கள் கத்தட்டும், பாதியில் எழுந்து போகட்டும், நான் நிறுத்தப் போவதில்லை.

உன் பாட்டு முடிந்ததும் மேடையை விட்டு இறங்கவும் மாட்டேன். அடுத்தது நான் எழுதிய பாட்டு.

இனி முன்னால் நின்று பாடப்போகும்
உன் தங்கச்சி குமுதா