செத்தல் மிளகாய் வறுத்த கிழமை

மே 14, 2009, வியாழன்
டென்மார்க், விபோர்க்கில் மழை. இன்றைக்கு ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதினேன். எழுத்துப் பழக்கிய மருமகள் வசந்தி, "சரி மாமா" என்றாள். எனக்கு எழுபத்தொரு வயது. எழுதியதை நானே திரும்ப வாசிக்கிறேன். என்ன சந்தோசம்!

சின்னனில் நான் தோட்டத்துக்குப் போனேன், தம்பி செல்லையா பள்ளிக்கூடம் போனான். அவன் கடிதங்களை இத்தனை வருசமும் ஆட்கள் வாசிக்கத்தான் கேட்டேன். இனி நானே பதில் எழுதலாம். அவன் வன்னியில். கடைசியாகக் கதைத்தது சித்திரையில்.

டிவியில் வன்னிச் சண்டை, புகை. பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

மே 15, வெள்ளி
இன்றைக்கு மரக்கறிச் சாப்பாடுதான். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

வசந்தி: "அங்கை சனம் சாகுது மாமா. கொஞ்ச நாளைக்கு மச்சம் மாமிசம் வேண்டாம்."

நான்: "துடக்கு வீட்டிலைதான் மச்சம் விடுறது. இங்கை ஆர் செத்தது?"

மகன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

மச்சத்தை விட்டால் தம்பி செத்தான் என்று நானே சொன்ன மாதிரி. ஞாயிறு இறைச்சி.

மே 16, சனி
துருக்கிக் கடை. ஆட்டுத் தொடை, எலும்போடு, 2 கி.

தூளுக்கு:
செத்தல் மிளகாய் இரண்டு கை
மல்லி அதைவிடக் கொஞ்சம் கூட
மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம்
வெந்தயம் (கனக்க வேண்டாம், கைக்கும்)
கறிவேப்பிலை, பிரீசரில் கிடந்தது

மிளகாய் கறுக்க வறுத்தேன். புகை மணி அடித்தது. பேத்தி அறைக்குள் இருந்து டெனிசில் கத்தினாள். வசந்தி இருமி இருமி, "எங்களுக்கும் ஷெல் அடிக்கிறியளோ மாமா?" என்று சிரித்தாள். பிறகு வாயைப் பொத்தினாள்.

மே 17, ஞாயிறு
வெயில். பத்து மணிக்கு இறைச்சி அடுப்பில். தேங்காய்ப்பால் ஒரு தகரம். வற்றி எண்ணெய் மிதக்க உப்புப் பார்த்தேன். குறைவு. போட்டேன். பிறகும் பார்த்தேன். பிறகு ஒரு எலும்பும் சப்பினேன்.

போன். தம்பியின் பெண்சாதி, முகாமில் யாரோ ஒருவருடைய போனில். "அத்தான், பத்தாம் திகதி. ஷெல். அவரைப் பங்கருக்குள்ளையே மூடிப்போட்டு வந்திட்டம்." கட்டாகிவிட்டது.

வசந்தி சட்டியைத் தூக்கினாள், கொட்டுவதற்கு. நான் விரலில் எண்ணினேன். பத்தில் இருந்து இன்று எட்டாம் நாள். எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததை மச்சத்தோடு படைக்கிற நாள்.

"கொட்டாதை பிள்ளை. அவனுக்குப் படை."

தம்பியின் படம் தேடினாள். மகனின் கலியாணப் படத்தில் தம்பி ஓரமாக நிற்கிறான், அதுதான் கிடைத்தது. முன்னால் வெள்ளைப் பீங்கான், சோறு, இறைச்சி. மகன் விளக்குக் கொளுத்தினான்.

வசந்தி திரும்பிப் பார்த்தாள். "மாமா, உப்புப் பார்க்கேல்லைத்தானே?"

படைக்கிறதில் முதலே வாய் வைக்கக் கூடாது.

"இல்லைப் பிள்ளை" என்றேன்.